தக்காளிச் சாற்றில் நெத்தலி

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு விரத நாள்கள். கத்தோலிக்கருக்கு எல்லா ஞாயிறும் பூசை நாள். மேற்கு நாடுகளிலோ ஞாயிறு முற்பகல் என்பது காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, ஆறுதலாக இருந்து சாப்பிடும் நேரம். சரவணையிலிருந்தும் வேலணைத் தீவின் மற்ற ஊர்களிலிருந்தும் போய் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று குடியேறிய குடும்பங்களில் இந்த மூன்றும் ஒரே மேசையில் வந்து கூடும். தீவகத்தார் இப்படிக் கூடி வாழப் பழகியவர்கள்தான். தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன்னும் சரவணையும் ஒரே தீவில் இருக்கின்றன. கடலைத் தாண்டினால் நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் நிற்கின்றன.

அந்த முற்பகல் மேசைக்கென்று மேற்கில் ஒரு பானம் உண்டு: பிளடி மேரி. 45 மில்லிலீற்றர் வொட்கா, 90 மில்லிலீற்றர் தக்காளிச் சாறு, 15 மில்லிலீற்றர் எலுமிச்சஞ்சாறு, உப்பு, மிளகு, இரண்டு மூன்று சொட்டு வூஸ்டர் சோஸ், கொஞ்சம் உறைப்புச் சோஸ். பாரிஸில் மதுக்கூடப் பணியாளராக இருந்த பெர்னாண்ட் பெத்தியோ, 1934 இல் நியூயோர்க்கின் சென்ற் றீஜிஸ் ஹோட்டலுக்குப் போனபின் இதற்கு மிளகும் உறைப்பும் ஏற்றி இன்றைய உருவத்தைக் கொடுத்தார். இனிப்பே இல்லாத பானம். புளி, உப்பு, உறைப்பு மூன்றும் சேர்ந்து நிற்பதால், இரசம் குடித்து வளர்ந்த நாக்கு அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டில் செய்வதும் எளிது.

கேள்வியும் எளிதாகத்தான் தொடங்குகிறது. வொட்காவை விட்டுவிட்டால் விரதகாரரும் இதைக் குடிக்கலாமா?

இதே கேள்வியைப் பிக்குகளின் ஒழுக்க விதித் தொகுப்பான பௌத்த விநயம் மிகப் பழைய காலத்திலேயே எதிர்கொண்டிருக்கிறது. பிக்குகள் மது அருந்தக்கூடாது என்ற விதி பிறந்ததற்கு அங்கே ஒரு கதை சொல்லப்படுகிறது. சாகதர் என்ற பிக்கு, கொடிய நாகம் ஒன்றைத் தம் தவ வலிமையால் அடக்கினார். அந்தப் புகழைக் கேட்ட கோசாம்பி நகரத்து மக்கள் வீடு வீடாக அவருக்கு மது வார்த்தார்கள். எல்லா வீட்டிலும் குடித்துவிட்டு நகர வாயிலில் அவர் சரிந்து விழுந்தார். தூக்கிவந்து கிடத்தியபோது அவருடைய கால்கள் புத்தர் பக்கம் நீண்டன. நாகத்தை அடக்கிய இவரால் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பையாவது அடக்க முடியுமா என்று புத்தர் கேட்டார். முடியாது என்றார்கள் பிக்குகள். நாகர்களின் சிம்மாசனப் பிணக்கைத் தீர்க்கப் புத்தர் நாகதீபத்துக்கு வந்ததாக மகாவம்சம் சொல்கிறது. நயினாதீவை அந்த இடமாக வணங்குகிறவர்களுக்கு இந்தக் கதையில் வரும் நாகம் தூரத்து நாகமாக இராது.

கதையைவிட அதன் பின்னால் வரும் விதிவிளக்கம் இன்னும் கூர்மையானது. புல்நுனி அளவு மது குடித்தாலும் குற்றம். மது என்று தெரியாமல் குடித்தாலும் குற்றம். ஆனால், மதுவின் நிறமும் மணமும் சுவையும் கொண்டதாய், உண்மையில் மது அல்லாததாய் இருக்கும் ஒன்றைக் குடித்தால் குற்றமில்லை. குழம்பிலோ இறைச்சியிலோ எண்ணெயிலோ சேர்த்துச் சமைக்கப்பட்டிருந்தாலும் குற்றமில்லை. வொட்கா இல்லாத தக்காளிப் பானத்துக்கு இதைவிட நேரான அனுமதி வேறெங்கும் கிடைக்காது. பார்வைக்கு எப்படித் தெரிகிறது என்பதை அந்த விதி பொருட்படுத்தவில்லை. உள்ளே இருப்பதை மட்டுமே எடைபோட்டது.

ஆனாலும் பௌத்தர்களுக்குள்ளேயே இது தீர்ந்துவிடவில்லை. மது இயல்பிலேயே தீயதா, விலக்கப்பட்டதால் மட்டும் தீயதா என்று அவர்கள் வாதாடினார்கள். பௌத்த அறிஞர் வசுபந்துவின் அபிதர்மகோசம் என்ற நூல் இரண்டு தரப்பையும் பதிவு செய்கிறது. கொலையைப் போல இதுவும் இயல்பிலேயே குற்றம் என்றது விநயக்காரர் தரப்பு. மற்ற ஒழுக்கங்களைக் காக்க இடப்பட்ட வேலியே இது, மயக்காத அளவில் மருந்தாகக் கொள்ளும்போது மனத்தில் தீமை இல்லை என்றது அபிதர்மக்காரர் தரப்பு. பின்னது சரியென்றே படுகிறது. உயிரைக் கொல்லும்போது அந்தச் செயலிலேயே ஒரு கெடுதி முடிந்துவிடுகிறது. குடிக்கும்போது கெடுதிக்குக் கதவு திறக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கதவு எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதனால் வேலியை அற்பமாக நினைக்கவும் முடியாது.

தீவகத்துப் பனைமரம் இந்த வாதத்தைத் தன் தலையிலேயே வைத்திருக்கிறது. பாளையைச் சீவி முட்டியைக் கட்டுகிறார்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது கருப்பநீர்: தித்திப்பாக இருக்கும், குழந்தைகளும் குடிப்பார்கள், காய்ச்சினால் பனங்கட்டியாகிக் குட்டானில் அடைபடும். சுண்ணாம்பு இல்லாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நொதியங்கள் சில மணி நேரத்துக்குள் சர்க்கரையை மதுசாரமாக்கத் தொடங்கிவிடும், அது கள்ளு. மரமும் பாளையும் சீவிய கையும் ஒன்று. இடையில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பொருளிலேயே பாவம் குடியிருக்கிறது என்பவர்கள், அது பாளைக்குள் இருந்ததா, முட்டிக்குள் வந்து சேர்ந்ததா என்று சொல்லியாக வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதே இடத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்து நிற்கிறது. நற்கருணைக்கு உண்மையான திராட்சை இரசம் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மது அங்கே விலக்கு அன்று, கட்டாயம். அப்படியானால் குடிநோயிலிருந்து மீண்ட ஒரு குருவானவர் என்ன செய்வார்? 1995 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் வத்திக்கான் இதற்கு வழி சொன்னது. திராட்சையின் இயல்பை மாற்றாமல் புளிப்பேறுவதை மட்டும் நிறுத்திவைத்த சாற்றை, ஆயரின் அனுமதியோடு அவர் பயன்படுத்தலாம். தீவகத்துப் பனையில் சுண்ணாம்பு செய்யும் வேலையை அங்கே குளிர் செய்கிறது. அமெரிக்க மெதடிஸ்தரான தோமஸ் வெல்ச் 1869 இல் நியூ ஜேர்சியில் திராட்சைச் சாற்றைச் சூடாக்கி, நொதியத்தைக் கொன்று, போத்தலில் அடைத்ததும் வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டதல்ல. மதுவிலக்கில் உறுதியான தம் சபையின் திருவிருந்துக்காகவே அதைச் செய்தார். ஒரு சபைக்கு மயக்கம் தராத சாறுதான் தூய்மை. இன்னொரு சபைக்கு மது ஆகக்கூடிய இயல்பு கெடாமல் இருப்பதுதான் தூய்மை.

யாழ்ப்பாணத்துச் சமையலறையோ இத்தனை வாதமும் இல்லாமல் ஒரு தீர்ப்பை என்றோ எழுதிவிட்டது. அப்பத்துக்கு மா குழைக்கும்போது பொங்குவதற்குக் கள்ளு விடுவது அங்கே பழைய வழக்கம். கள்ளுக் கொட்டில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் அந்த அப்பத்தைப் பால்விட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். சட்டியின் சூட்டில் மதுசாரம் பெரும்பாலும் போய்விடும். மென்மையும் மெல்லிய புளிப்பும் தங்கிவிடும். சமைத்ததில் குற்றமில்லை என்ற விநய விதியைப் படித்து அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அனுபவம் அவர்களை அதே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதே கள்ளை மேலும் வைத்திருந்தால் வினாகிரி. மது தானாகவே வினாகிரியாக மாறிவிட்டால் அது ஆகுமானது என்பதில் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் ஒத்துப்போகிறார்கள், மதுவை அவ்வளவு கண்டிப்பாக விலக்குகிற மார்க்கமாக இருந்தும். ஒரு பொருள் கடந்துவந்த பாதையைக் காட்டி அதைத் தண்டிப்பதில்லை, இன்று அது என்னவாக இருக்கிறது என்றே பார்ப்போம் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. பிளடி மேரியில் விழும் உறைப்புச் சோஸிலும் வூஸ்டர் சோஸிலும் வினாகிரி இருக்கிறது.

அந்த வூஸ்டர் போத்தலைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் 1837 இல் விற்பனைக்கு விட்ட சோஸ் அது. வினாகிரி, வெல்லப்பாகு, சீனி, உப்பு, வெங்காயம், உள்ளி, வாசனைச் சரக்கு. கூடவே தமிழ் நாக்கு மகிழக்கூடிய புளி. அதோடு உப்பில் ஊறிய நெத்தலி மீன்.

வொட்காவை எடுத்துவிட்டோம், இனிச் சைவம்தான் என்று விரதகாரருக்கு நீட்டும் கோப்பைக்குள் மீன் இருக்கிறது. மதுவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் உயிர் படாமல் போய்விட்டது. இது சமையல் தவறு மட்டும் அன்று. எதை ஏன் விலக்குகிறோம் என்பதை மறந்து, விலக்கின் வெளித்தோற்றத்தை மட்டும் கடைப்பிடிப்பதன் விளைவு. வள்ளுவர் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத் தக்கது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில், துறவறவியலுக்குள் வருகிறது. கள்ளுண்ணாமை பொருட்பாலில், தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக, வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வருகிறது. கள்ளுக்கு எதிரான அவருடைய வாதங்களும் உலகியல் வாதங்கள்: பெற்ற தாயின் முகத்தில் விழிக்க முடியாத நிலை, ஊராரின் நகைப்பு, காசைக் கொடுத்துத் தன்னறிவின்மையை வாங்கிவரும் பேதைமை. தெளிந்திருக்கும் வேளையில் இன்னொரு குடிகாரனைப் பார்த்தும் ஒருவன் தன்னை நினைத்துக்கொள்ள மாட்டானா என்று கேட்டு அந்த அதிகாரத்தை முடிக்கிறார். கள்ளைத் தொட்டால் தீட்டு என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை.

தீட்டு வேறு வழியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிசனரிகளின் கண்டனத்துக்கு ஈடுகொடுத்துச் சைவத்தைத் தலைநிமிர்த்திய ஆறுமுக நாவலர், தமது பாலபாடங்களில் கொலை, புலாலுண்ணல், களவு ஆகியவற்றோடு கள்ளுண்ணலையும் கடுமையாகக் கண்டித்துப் பாடம் எழுதினார். யாழ்ப்பாணத்து வீடுகளில் பல தலைமுறை அந்தப் பாடத்தோடு வளர்ந்தது. குடியிலிருந்து பல குடும்பங்களைக் காத்த கல்வி அது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கள்ளின் மேல் விழுந்த இழிவைச் சமூகம் குடித்தவரின் தலையில் முழுதாக ஏற்றவில்லை. காலையும் மாலையும் தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பனை ஏறியவரின் தலையில் அதை ஏற்றியது. குடித்தவர் குளித்துவிட்டுக் கோயிலுக்குள் போனார். சீவியவர் வீதியில் நின்றார். சாதி ஏற்கெனவே போட்டிருந்த பூட்டுக்குக் கள்ளு ஒரு சாட்டாயிற்று. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போவதற்காகப் போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து எழுந்த நாவல். ஒரு பானத்தின் பாவ புண்ணியத்தை விசாரிக்கும் எந்தச் சைவ மேசையும் இந்த விசாரணையைத் தாண்டிப் போக முடியாது. ஒருவர் மரத்தின் உச்சியில் உயிரைப் பணயம் வைத்து இறக்கியதைக் குடித்துவிட்டு அவரையே இழிந்தவர் என்பதைவிடப் பெரிய மயக்கம் எந்த முட்டியிலும் இருந்ததில்லை.

மதுவை இழிவாக எண்ணாத வழிபாடும் தமிழரிடம் உண்டு. மதுரைவீரனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கும் ஏழை பக்தருக்கு, தன்னிடம் உள்ளதைத் தெய்வத்தோடு பகிர்வதுதான் பூசை. சங்க காலத்திலும் அதியமான் அஞ்சி இறந்தபோது ஒளவையார் முதலில் நினைத்து அழுதது, கள்ளு கொஞ்சமாக இருந்தால் அவன் தமக்கே தந்துவிட்டதையும் நிறைய இருந்தால் கூட இருந்து மகிழ்ந்ததையும்தான். தமிழ் மரபு முழுவதும் ஒரே குரலில் மதுவை வெறுத்தது என்று சொல்வது உண்மையாகாது.

இத்தனை குரல்களுக்கும் நடுவே தீவுக்காரர்களுக்கு மிக நெருக்கமானது மணிமேகலையில் வரும் சாதுவனின் குரல். மணிமேகலை போய்ச் சேர்ந்த மணிபல்லவத்தை நயினாதீவோடு இணைத்துப் பேசுவது வழக்கம். சாதுவனின் கதை நடப்பது வேறொரு கரையில், நாகர்களின் மலையில். பொருளையெல்லாம் கணிகையிடம் தொலைத்து, மனைவி ஆதிரையை விட்டுக் கடலேறி, கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக் கரை சேர்கிறான் அவன். கரையொதுங்கியவர்களைக் கொன்று தின்னும் நாகர்கள் அவனைப் பிடிக்கிறார்கள். அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் தலைவனிடம் கூட்டிப்போகிறார்கள். தலைவன் அன்பாகவே தன் ஆட்களிடம் சொல்கிறான்: இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் இவனுக்குக் கொடுங்கள். சாதுவன் மறுக்கிறான். பெண்ணும் உணவும் இல்லாவிட்டால் உலகத்தில் வேறென்ன பயன் என்று தலைவன் சினக்கிறான். அங்கேதான் வாதம் தொடங்குகிறது: கள்ளையும் கொலையையும் தெளிந்தவர்கள் ஏன் விட்டார்கள், உயிர் என்பது என்ன, உடம்பு எரியும்போது வலியை உணராதது ஏன் என்று.

வாதத்தில் தலைவன் தோற்கிறான். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் என்னால் உயிரோடு இருக்க முடியாது, எனக்கு ஆகக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல். அதற்குமேல் சாதுவன் அவனை நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. கப்பல் உடைந்து இங்கே வருகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்று, மூத்துத் தானாக இறக்கும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். கள்ளைப் பற்றி அந்த இடத்தில் அவன் மேலும் வற்புறுத்தவில்லை. முதலில் நிற்க வேண்டியது கொலை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. துறவியின் அறம் ஒன்று, நாகர் தலைவனால் இயலும் அறம் இன்னொன்று. இரண்டையும் அறமென்றே ஒரு பௌத்தக் காப்பியம் ஒப்புக்கொள்கிறது. கரையொதுங்கியவர்களிடமிருந்து சேர்த்த பொருளையெல்லாம் தலைவன் அவனிடம் கொடுத்து அனுப்புகிறான். யுத்த காலத்தில் ஊரைவிட்டுக் கடல் கடந்து போய், முன்பின் தெரியாத கரைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தீவு மக்களுக்கு இந்தக் காட்சி வெறும் இலக்கியமாக இருக்க முடியாது.

இனி அந்தக் கோப்பையை வீட்டில் எப்படிச் செய்வது? வீட்டில் செய்வதில் உள்ள பெரிய நன்மை, ஒவ்வொன்றும் செய்தவரின் கண்முன்னே உள்ளே போவது. நன்றாகப் பழுத்த தக்காளிப்பழம் ஒரு கிலோ எடுத்துத் தோல் வெடிக்கும்வரை அவித்து, மசித்து, வடிகட்ட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள சளியை எறிந்துவிடக்கூடாது. மீனும் இறைச்சியும் தரும் அந்த ஆழ்ந்த சுவைக்குக் காரணமான குளூட்டமேற், தக்காளியின் சதையைவிட அந்தச் சளியில்தான் கூடுதலாக இருக்கிறது. ஜப்பானிய வேதியியலர் கிகுனே இக்கேடா 1908 இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் அது. நெத்தலி இல்லாமலே அந்த ஆழத்தைக் கொண்டுவரலாம் என்பதற்கு இதுவே ஆதாரம். வடித்த சாற்றில் பழப்புளிக் கரைசல், கொஞ்சம் பனங்கட்டி, தட்டிய மிளகு, வறுத்துப் பொடித்த சின்னச்சீரகம், உப்பு, எலுமிச்சஞ்சாறு சேர்த்தால் வூஸ்டர் போத்தல் செய்யும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். சிலர் மீனுக்குப் பதிலாகச் சோயா சோஸ் விடுவார்கள். இயற்கையாக நொதிக்கவைத்த சோயா சோஸில் ஏறத்தாழ 2 சதவீதம் மதுசாரம் இருக்கிறது. சில சொட்டால் யாருக்கும் மயக்கம் வராது. ஆனால் புல்நுனி அளவையும் விலக்குகிறவர் மேசையில் இருந்தால், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

பெயரிலும் ஒரு கவனம் வேண்டும். பிளடி மேரி என்ற பெயரை, 1553 முதல் 1558 வரை ஆண்டு, முந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவான புரட்டஸ்தாந்தரை எரித்துக் கொன்ற இங்கிலாந்து அரசி மேரியோடு சேர்த்துச் சொல்வார்கள். வொட்கா இல்லாத பானத்துக்கோ மேற்கில் கன்னி மேரி என்று பெயர். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து யாத்திரை போகும் குடும்பத்துப் பெரியவர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லிக் கோப்பையை நீட்டுவது மரியாதை ஆகாது. தக்காளிச் சாறு என்றாலே போதும்.

சோஸ் எதுவும் விடுமுன்னரே விரதகாரரின் பங்கைத் தனிக் கோப்பையில் ஊற்றி வைத்துவிட வேண்டும். பூசைக்குப் போகிறவர் நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் எடுப்பதில்லை என்பதால், அவருடைய கோப்பை அவர் திரும்பிவரும்வரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கலாம். வொட்கா வேண்டுமென்பவர் இருந்தால் அதைச் சாடிக்குள் கலக்காமல், அவர் கோப்பைக்குள் மட்டும், எல்லாரும் பார்க்க ஊற்ற வேண்டும். நெத்தலி சேர்ந்த சாடி எது, சேராதது எது என்று வீட்டுக்காரர் வாய்திறந்து சொல்லிவிட்டால், பிறகு யார் எதை எடுத்தாலும் அவரவர் தெரிந்தே எடுக்கிறார்கள்.